முதலாம் இலக்கக் கிணறு

பேர்கன், நோர்வே
14.09.2024

அன்புள்ள அபிஷனாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். இங்கே மழை நின்றபாடில்லை. போனில் கேட்டால், ‘ஒண்டுமில்லையப்பா, நீர் உம்மடை படிப்பைப் பாரும்’ என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீங்களும் எழுதித்தான் பதில் தரவேண்டும்.

அளவெட்டியில் என் ஆய்வுக்காக நீங்கள் மாதம் இருமுறை தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுக்கிற ஆறு கிணறுகளில் முதலாம் இலக்கம் எங்கள் வீட்டுக் கிணறு. ஏழு மாதமாக அதில் நைத்திரேற்று உப்பு லீற்றருக்கு நாற்பது மில்லிகிராமைச் சுற்றியே நின்றது. ஆகஸ்ட் கடைசியில் ஒரேயடியாக அறுபத்து மூன்று. ஐம்பதைத் தாண்டினால் குடிக்கத் தகாது. என் பேராசிரியை இங்கிருந்து தானே அங்கே வந்து எடுத்த போத்தல் அது. காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கிணற்றையே விட்டுவிடு என்கிறார். விட்டால் ஆய்வேட்டில் பாதி போய்விடும், தை மாத மதிப்பீட்டில் தேறமாட்டேன். பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தவளை, விண்ணப்பத்தை நிரப்பும் வரைக்கும் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்து அனுப்பியது நீங்கள். ‘பிள்ளையை விட்டிட்டுப் போனவள்’ என்ற கதையை அங்கே கேட்டுக்கொண்டிருப்பதும் நீங்கள்தான். வெறுங்கையோடு வந்து உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? கிணற்றில் ஏதாவது நடந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கலா

அளவெட்டி
16.09.2024

அன்பின் கலாவுக்கு,

அபிஷனா சுகம். நேற்று எண்ணெய் வைக்க விடாமல் வளவைச் சுற்றி ஓடினாள். நானும் சுகம் என்று எழுதவேண்டும், ஆனால் மூன்று வாரமாகச் சுகமில்லை.

குற்றவாளி நான்தான். உம்முடைய பேராசிரியை வருகிறார் என்றீர். வருகிற மனுசி கிணற்றை எட்டிப் பார்ப்பாரே, பாசியையும் சேற்றையும் கண்டால் இந்த வீட்டிலிருந்தோ இவள் வந்தாள் என்று நினைத்துவிடுவாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதல் நாள் விடிய மோட்டரைப் போட்டு அடிமட்டம் இறைத்து, இரண்டு பேரை இறக்கிச் சேறு வாரி, தேங்காய் உடைத்துக் கற்பூரமும் காட்டினேன். ‘கிணத்திலை கை வைக்காதேங்கோ’ என்று நீர் போகும்போது படித்துப் படித்துச் சொன்னீர். அவர் வந்து நல்ல துப்புரவு என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், எருமை மாடு.

உம்முடைய இலக்கத்தைக் கேட்ட நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சொல்லவும் பயம். பேராசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு நானே எழுதுகிறேன், நீர் இங்கிலீசில் மாற்றிக் கொடும். பிழை உம்முடையதில்லை என்று அவருக்குத் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
ரூபன்

பேர்கன்
17.09.2024

அன்புள்ள எருமை மாட்டுக்கு,

வாசித்துவிட்டு முதலில் கோபத்தில் அழுதேன். பிறகு தேத்தண்ணீர் ஊற்றப் போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சேறு வாரினால் இலக்கம் குறையத்தானே வேண்டும்? கிணற்று ஊத்தையால்தான் தண்ணீர் கெடுகிறது என்றுதானே ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்? எங்கள் கிணற்றில் கூடியிருக்கிறது. அப்படியென்றால் நிலத்துக்குள்ளிருந்து புதிதாக ஊறிவரும் தண்ணீர்தான் கெட்டது!

மற்ற ஐந்து கிணறுகளையும் இறைக்க முடியுமா? இறைக்க முதல் ஒரு போத்தல், மறுநாள் ஒரு போத்தல். மாரி தொடங்க முதல் முடியவேண்டும். இறைத்ததை ஒளித்ததற்கு உங்களோடு நேரில் சண்டை இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் பேராசிரியைக்கு அப்படியே மொழிபெயர்த்துக் காட்டினேன். இந்த மனிதரைக் கவனமாக வைத்துக்கொள் என்றார்.

கலா

அளவெட்டி
12.10.2024

அன்பின் கலாவுக்கு,

ஐந்தும் இறைத்தாயிற்று. நாகலிங்கம் அண்ணைதான் முதலில் தன் கிணற்றை விடவில்லை. மனிசி அங்கே படிக்க நீ இங்கே ஊர்க் கிணறெல்லாம் இறைத்துத் திரிகிறாயோ என்று நக்கலடித்தார். ‘ஓம் அண்ணை. அவ படிக்கிறது உங்கடை தண்ணியைத்தானே’ என்றேன். மூன்றாம் நாள் தன்னுடைய மோட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆய்வுகூடத் தாளை இதோடு படமெடுத்து வைத்திருக்கிறேன். நாலு கிணற்றில் கூடியிருக்கிறது, ஒன்றில் மாற்றமில்லை. அந்த ஒன்று வெங்காயத் தோட்டங்களுக்குத் தூரத்துக் கிணறு. பிள்ளைக்குக் குடிக்கச் சந்தியிலுள்ள தண்ணீர்த் தாங்கியிலிருந்து அள்ளி வருகிறேன், யோசிக்க வேண்டாம்.

ரூபன்

பேர்கன்
02.02.2025

அன்புள்ள அபிஷனாவின் அப்பாவுக்கு,

தேறிவிட்டேன். மதிப்பீட்டுச் சபையில் நீளமாகக் கேட்ட கேள்விகளெல்லாம் அந்த இறைப்பைப் பற்றித்தான். எனக்கு ஒரு இடத்திலும் நாக்குத் தடுமாறவில்லை.

கட்டுரையாக வெளியிடச் சொல்கிறார்கள். இனித்தான் எனக்குப் பயம். நிலத்துக்குள் நைத்திரேற்று போவது பசளையால். முதலாம் கிணற்றுக்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் வெங்காயத் தோட்டம், அதற்கு யூரியா போடுகிறவர் நீங்கள். என்னை இங்கே அனுப்பியதும் அந்தத் தோட்டம்தான். எழுதக் கை வரவில்லை. ஊரையும் கிணற்றுக்காரரையும் பெயர் சொல்லாமல் விடலாம், பேராசிரியை சம்மதித்துவிட்டார். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

கலா

அளவெட்டி
09.02.2025

அன்பின் கலாவுக்கு,

நீர் தேறிய செய்தியைக் கோயிலடி, கடையடி, பள்ளிக்கூட வாசல் எல்லா இடமும் சொல்லியாயிற்று. கேளாதவர்களுக்கும் சொன்னேன்.

மற்றதை வாசித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து போடுகிற பசளை. தோட்டத்து வரம்பில் பொழுதுபட இருந்து யோசித்தேன். அந்தக் கிணற்றில் குடித்தவள் எங்கள் பிள்ளை. நான் மூன்று வாரம் ஒளித்ததால் நீர் பட்ட பாடும் எனக்குத் தெரியும்.

நேற்றுக் கமக்காரர் கூட்டத்தில் உம்முடைய இலக்கங்களை நானே வாசித்தேன். நாகலிங்கம் அண்ணை எழும்பி, ‘உன்ரை மனிசி எங்கடை வெங்காயத்துக்கு எதிராயோ எழுதுறா?’ என்று கேட்டார்.

‘என்ரை வெங்காயத்திலை துடங்கி எழுதுறா அண்ணை’ என்றேன்.

பிறகு அவரே, எவ்வளவு போட்டால் தண்ணீர் கெடாது என்று அவ வந்து சொல்லட்டும், நானும் குறைக்கிறேன் என்றார். இவர்கள் இதுவரை ஒரு பொம்பிளையிடமும் பசளைக் கணக்குக் கேட்டதில்லை. வரும்போது அதற்கு விடையோடு வாரும். நான் நாலு வரிசையில் யூரியாவை இப்போதே பாதியாக்கிவிட்டேன்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். அளவெட்டி என்றே எழுதும். கிணற்றுக்காரரின் பெயர் கீழே இருக்கிறது, முழுதாகப் போடும்.

உம்முடைய,
கந்தையா ஜெயரூபன்
கிணறு இலக்கம் ஒன்று