விருந்தில் ஓதிய துஆ

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஸலாம்.

நீ தஞ்சாவூரில் நிம்மதியாகப் பரீட்சை எழுது. நம் மதரஸாவில் நீ ஆரம்பித்த வகுப்பு தப்பிவிட்டது. பிள்ளைகளுக்கு ஓதத் தெரிந்தால் போதும், தமிழில் அர்த்தம் எதற்கு என்று அதை மூடப் பார்த்த ஜமாஅத்தை, குடவாசல் ஊரே அதிரும்படி பேசி நான்தான் மடக்கினேன்.

நேற்று ஜமாஅத் தலைவர் வீட்டுக் கல்யாணம். பிரியாணி சஹன் தட்டுகள் வந்து இறங்கியதும் வழக்கம்போல் நான் சத்தமாகத் துஆ ஓதினேன். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். உன் வகுப்பில் படிக்கும் தலைவரின் கடைக்குட்டி ஸுமையா மட்டும், "பெரியத்தா, இது தூங்கப் போறப்ப ஓதுறதுல்ல?" என்றாள்.

பந்தியே கையை நிறுத்தியது.

"பிரியாணி தின்னுட்டு வேற என்னம்மா செய்யப் போறோம்?" என்றேன்.

தலைவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "இத்தனை வருசமா நம்மளத் தூங்கவா வச்சிக்கிட்டிருந்தாரு! அந்தப் புள்ள வகுப்பு நடக்கட்டும்ப்பா" என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அர்த்தத்தின் அருமை அவர்களுக்குப் புரியட்டும் என்று வேண்டுமென்றேதான் மாற்றி ஓதினேன். யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

பரீட்சை முடிந்து நீ திரும்பும் திங்கட்கிழமை முதல் உன் வகுப்பை மேற்பார்வையிட வருகிறேன். கடைசி வரிசையில் ஓர் இடம் போட்டு வை. சாப்பாட்டுத் துஆவை முதலில் எடு. வெள்ளிக்கிழமை இன்னொரு விருந்து இருக்கிறது.

இப்படிக்கு,
ஜமாஅத்தை மடக்கிய உன் மாமா