ஞாயிற்றுக்கிழமையை லீவு என்று கொடுத்த மேனேஜர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மறைக்காமல் எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, மாடிப்படி ஏறும்போது மட்டும் கட்டடம் கட்டினவனைத் திட்டுகிறார்.

எங்கள் சட்டைக் கம்பெனியில் நடந்த கூத்தைக் கேள். தேசிய விடுமுறைக்கு முந்தின நாள் மேனேஜர் சுவரில் ஒரு தாளை ஒட்டினான், அவன் அறையில் மட்டும் ஏசி என்பதால் நாங்கள் வைத்த பெயர் குளுகுளு. விடுமுறையன்று எல்லாரும் வேலைக்கு வரவேண்டுமாம், பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவாம். ஞாயிறு எப்பவும் லீவுதானே சார் என்று கேட்டேன். "அதான் உங்களுக்குப் பழக்கமான நாளாப் பாத்து குடுத்திருக்கேன்" என்று பல்லைக் காட்டினான். இவனுக்கெல்லாம் சுழல் நாற்காலி ஒரு கேடு. மற்ற நாற்பது பேரும் சம்மதம் என்று அதில் கையெழுத்துப் போட்டார்கள். பட்டன் தைக்கிற பெண்ணுக்கு எட்டு மாதம், நிற்கவே முடியவில்லை, "அக்கா, நீங்க போடலன்னா நானும் போடல" என்றாள். நாங்கள் இருவரும் போடவில்லை, மறுநாள் போகவுமில்லை. அதற்கு அடுத்த நாள் அவளை வாசலிலேயே நிறுத்தி, எப்படியும் பிரசவ லீவு கேட்கத்தானே போற, இப்பவே கிளம்பு என்றிருக்கிறான். எனக்கு வந்ததே கோபம், தாளைச் சுவரிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு நேரே தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார், அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கே கம்பெனிக்கு வந்தார். குளுகுளுவுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது, சும்மா தமாஷுக்கு ஒட்டினேன் மேடம் என்றான், கோழை. அவளுக்கு வேலையும் சம்பளத்தோடு பிரசவ லீவும் எழுத்தில் கிடைத்தன, வேலைக்கு வந்தவர்களுக்கு இரட்டைச் சம்பளம். இப்போது அந்த நாற்பது பேரும் "மனசுல நாங்க உங்க பக்கந்தான்" என்கிறார்கள். மனசை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பார்கள் போல.

நீயும் ஒன்றும் ஒழுங்கில்லை. மூன்று வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை, ஆபீசில் எல்லாரும் கைதட்டினார்கள் என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டாயாம், அவரும் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. தங்கச்சி மகளுக்கு ஆறு மாதம் ஆகிறது, தாய்மாமனைப் போனில்தான் தெரியும். உடனே லீவு எழுதிக் கொடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதாதே, நான் கல்லு மாதிரி இருக்கிறேன். எனக்குச் சேரவேண்டிய நாட்கள், எடுத்துக்கொள்கிறேன் என்று எழுது.

நீ நோய் நொடியில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா