ஆமிக்காரனுக்குக் கொடுத்த பொங்கல்

அன்புவழிபுரம்,
18.06.2007

அன்பு மகன் நிமலனுக்கு,

நானும் அக்காவும் பிள்ளைகளும் இருக்கிறோம், நீ கனடாவில் சுகமாயிருக்க அம்மனை மன்றாடுகிறேன். அக்காவின் புருசன் குலசிங்கமும் உயிரோடுதான் இருக்கிறார், அதை முதலில் எழுதவேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர்ச்சங்க இணையத்தில் அவருக்கு மெழுகுதிரியே கொளுத்திவிட்டீர்களாம், போனும் இணையமும் உள்ள கொமினிக்கேசன் கடைப் பிள்ளை பரீனா வாசித்துக் காட்டினாள்.

நடந்ததைக் கேள். சம்பூரை விட்டு ஓடிவந்த சனம் இங்கே வைகாசிப் பொங்கல் வைத்தது. அடுப்படிக்கு வந்தவன் யாரானாலும் வெறுங்கையோடு அனுப்பாதது எங்கள் வழக்கம், காவலுக்கு நின்ற ஆமிக்காரனுக்கும் உன் அத்தான் ஒரு இலையில் கொடுத்தார். யாரோ அதைப் படமெடுத்து உங்கள் இணையத்தில் போட்டுவிட்டான். ஏன் கொடுத்தாய் என்று நீ கேட்டாய், அவர் "ஓம், குடுத்தனான்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். உனக்கு வாயை மூட ஏலாது, அவருக்கு வாயைத் திறக்க ஏலாது, தன் கலியாணத்திலேயே நாலு வார்த்தை கதைக்காத மனிசன். நேரில் என்றால் முறைத்துக்கொண்டாவது ஒன்றாய்ச் சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே நீ அவருடைய மௌனத்தைத் திமிர் என்றாய், உன் பின்னால் பேர் தெரியாதவன்கள் வந்து காட்டிக்கொடுப்பவன் என்றான்கள்.

அதை அச்செடுத்துக்கொண்டுதான் வந்தார்கள். யாரென்று எழுத ஏலாது. முற்றத்தில் முழங்காலில் இருத்தி, ஒவ்வொரு வரியாக வாசித்து, வரிக்கொரு அடி, இரும்புக் குழாயால். நீ எழுதினது நீளம், மகன். வலது கை மூன்று இடத்தில் உடைந்தது, தாடை விலகிவிட்டது, பல்லை மண்ணிலிருந்து அக்காதான் பொறுக்கினாள். நடுவில் நிறுத்தி என்ன சொல்லுறாய் என்று கேட்டார்களாம், அப்போதும் அந்த மனிசன் வாய் திறக்கவில்லை. பெற்ற பாவத்துக்கு உன்னை மகன் என்று எழுதுகிறேன்.

இப்போது நீ அழுது அழுது அவரை எங்கள் வீரன் என்று எழுத, எல்லாரும் சேர்ந்து கும்பிடுகிறார்களாம். அதையும் யாரோ அச்செடுத்துவிட்டார்கள். நேற்று ஆமிச் சென்றியில் அக்காவை மறித்து, உன் புருசன் பெரிய வீரனாமே, ஆசுப்பத்திரியில் எந்த வாட்டில் கிடக்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள். இவர்கள் அடித்தவர்கள் இல்லை, வேறு ஆட்கள். அக்கா வந்து கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள், "அம்மா, அவரைக் கெட்டவர் எண்டும் எழுத வேண்டாம், நல்லவர் எண்டும் எழுத வேண்டாம். அவரை மறந்துபோகச் சொல்லுங்கோ தம்பியை."

போனில் இதையெல்லாம் கதைக்கப் பயம், கொழும்புக்குப் போகிற அயல்வீட்டுத் தாஹிரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், அங்கிருந்து தாளை அப்படியே பக்ஸ் மெசினில் அனுப்புவார். கிடைத்தவுடன் எழுதினதெல்லாம் அழி, மன்னிப்புக் கேட்டும் அங்கே எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அம்மன் உனக்குத் துணை நிற்பாள். இந்தக் கடிதத்துக்கும் பதில் போடாதே மகன்.

உன்னைப் பெற்ற
அம்மா