மழைக்காலத்தில் வேண்டாம், ஆண்டவரே

1942 மார்ச் 11, புதன்

மூன்றாம் வகுப்புப் பெண்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் ஏறவில்லை. எனக்கும் இன்று எதுவும் ஏறவில்லை. வகுப்பை விட்டு இரண்டு முறை கொல்லைப்பக்கம் ஓடினேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது? புரட்டாசியில் பிரசவம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இவரிடம் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்போது தோளில் நல்ல தேக்குப் பலகை ஒன்று. தொட்டிலுக்கு. சுவரில் சாய்த்து வைத்தார். அதோடு சரி.

ரங்கூன் விழுந்துவிட்டதாம். பாலக்கரை முழுக்க அதே பேச்சு.

மார்ச் 22, ஞாயிறு

பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர் கெம்ஸ்டவுன் பக்கம் ஒரு வீட்டில் கூட்டம் நடத்துகிறார். பெயர் சகாயநாதன். ரங்கூனில் பிரசங்கியாராக இருந்தவராம். இவர் கூப்பிட்டார், போனேன்.

அந்த மனிதருடைய கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பாதம் முழுவதும் வெடித்து, துணி சுற்றியிருந்தது. குரல் உயர்த்தாமல் பேசினார். எரிகிற ஊரைப் பார்த்தவர் அல்லவா, அலங்காரம் தேவைப்படவில்லை. யுத்தங்கள், பஞ்சங்கள், ஜனத்துக்கு விரோதமாய் ஜனம், எல்லாம் வந்துவிட்டது, இனி வரவேண்டியவர் ஒருவரே என்றார். அந்த நாட்களில் கர்ப்பவதிகளுக்கு ஐயோ என்கிற இடத்தை வாசித்தபோது மட்டும் குரல் நின்றுபோயிற்று.

பெண்கள் எல்லாரும் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்கள். இவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த திருநாள்

விடியுமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நேற்றே இவர் போய் எங்கள் பிள்ளைகளின் இரண்டு சின்னக் கல்லறைகளுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்திருந்தார். ஒருவன் மூன்று நாள் இருந்தான். இன்னொருத்தி மூச்சே விடவில்லை. இரண்டு பேருக்கும் பெட்டி செய்தது இவர்தான். வேறொரு ஆசாரியிடம் கொடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. மரச்சிலுவைகளும் இவர் வேலைதான். மல்லிகை தூவி, மெழுகுவத்தி ஏற்றி, ஐயர் ஜெபம் பண்ணினார். நம் குருவானவர் நல்ல மனிதர், ஆனால் ஜெபம் மட்டும் எப்போதும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி.

சாயங்காலம் செய்தி. இன்று காலையில், நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்த நேரத்தில், கொழும்பில் குண்டு போட்டிருக்கிறார்கள்.

“பாத்தியா?” என்றார் இவர். கூட்டத்துக்குக் கூப்பிட்டதைத் தவிர, இத்தனை நாளில் அதுதான் என்னிடம் அவராகப் பேசிய பேச்சு.

ஏப்ரல் 19, ஞாயிறு

மெட்ராஸ் காலியாகிறது. ஸ்ரீரங்கத்தில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை கேட்கிறார்களாம். ஜங்ஷனில் அண்டா குண்டாவோடு சனம்.

தொட்டில் பலகையில் இப்போது தொட்டில் இல்லை. முழக்கோலும் பென்சிலும் வைத்து அதன்மேல் வேதத்தில் தானியேல் சொன்ன முடிவுகால வாரங்களை அளந்து கோடு போடுகிறார். இடது ஓரத்தில் பாபிலோன். பிறகு பெர்சியா, கிரேக்கு, ரோமாபுரி. வலது ஓரத்தில் ஹிட்லர். அதற்குப் பிறகு மரம் இல்லை. பெட்டிக்கு அளவு எடுக்கிற அதே கவனம், அதே பென்சில் காதில்.

நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்றேன்.

“நாளும் நாழிகையும்தானே தெரியாது? மாசமும் வருஷமும் தெரியக்கூடாதுன்னு எங்க இருக்கு?”

மூன்றாம் வகுப்பாக இருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன்.

மே 1, வெள்ளி

இன்று அசைந்தது. அவரிடம் சொல்லவில்லை.

மே 6, புதன்

நாளும் குறித்தாகிவிட்டது. சகாயநாதன் குறிக்கவில்லை. அவர் எந்தக் கூட்டத்திலும் தேதி சொன்னதில்லை. குறித்தது என் வீட்டுக்காரர். பெயர் என்னமோ தைரியராஜ்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, ஆண்டவர் பரமேறிய திருநாள். ஏறிப்போன விதமாகவே வருவார் என்று தூதர்கள் சொன்னார்களாம், ஆகையால் ஏறின நாளிலேயே இறங்குவாராம். பலகையில் கோடும் அங்கேதான் போய் முடிகிறதாம். கூட்டத்தார் முப்பது நாற்பது பேர் முந்தின நாள் சாயங்காலமே வெள்ளை உடுத்திக்கொண்டு காவிரி மணலில் போய் உபவாசமாய்க் காத்திருப்பார்களாம். ஒர்க்‌ஷாப்பில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

“நீயும் வரணும், சுகிர்தம்.”

“நான் வரலைங்க. அவர் வந்தா வீட்டுக்கே வரட்டும். விலாசம் தெரியாதவரா?”

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். இல்லை. “புரட்டாசிக்கு முன்னால வந்துட்டா உனக்கு நல்லதுதானே” என்றார், மெதுவாக.

அது என்ன பேச்சு? விளக்கை அணைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் ஆண்டவருக்காகக் காத்திருக்கிறாரா, புரட்டாசிக்குப் பயந்து ஓடுகிறாரா?

மே 10, ஞாயிறு

கர்ப்பவதிகளுக்கு ஐயோ என்கிற அந்த அதிகாரத்தை நானே எடுத்து வாசித்தேன். முழுவதும், நிதானமாக, பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதற்கு முன் வாசிப்பதுபோல.

ஐயோ என்று சொன்ன வாய் அடுத்ததாக என்ன சொல்கிறது? நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலும் ஓய்வுநாளிலும் ஆகாதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. இத்தனை வருஷம் வேதபாடம் நடத்தியும் இதைக் கவனித்ததில்லையே நான். மழையில், சேற்றில், வயிறும் பிள்ளையுமாய் ஓடுகிறவள் என்ன பாடுபடுவாள் என்று நினைத்துப் பார்த்த ஒருவர்தான் இப்படிச் சொல்ல முடியும். சாபம் போடுகிறவர் மழையைப் பற்றி ஏன் கவலைப்படவேண்டும்? கோடு எல்லாம் முன்னமே போட்டு முடித்தாயிற்று என்றால் எதற்காக வேண்டிக்கொள்ளச் சொல்லவேண்டும்?

என்னைத்தான் நினைத்திருக்கிறார். வாய்விட்டு அழுதேன்.

இவரிடம் காட்டினேன். வாசித்தார். “ஓடிப்போறதப் பத்திச் சொல்றாரு. நாம ஓடவேண்டியதில்ல, பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம்” என்று புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

மே 13, புதன்

போய்விட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன். ஏன் அப்படி இருந்தேன்?

மே 14, வியாழன்

காலையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரஷீதா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “டீச்சரம்மா, நேத்து ராவு தண்டோராப் போட்டாங்களே, கேட்டீங்களா? இன்னைக்குப் புதுசா ஒரு சங்கு ஊதுவாங்களாம். ஏரோப்ளேன் வந்தா ஊதுற சங்காம். சும்மா சோதனைதானாம், பயந்துக்காதீங்க” என்றாள். அவள் சொல்லி வாயை மூடவில்லை, ஊதிவிட்டது. ஒர்க்‌ஷாப்புச் சங்கு மாதிரி ஒரே சீராக இல்லை. ஏறி ஏறி இறங்கிற்று, ஊரே அழுவதுபோல. தெரிந்திருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். “யா அல்லா, கியாமத்து நாள் கணக்கால்ல இருக்கு” என்று நியாயத்தீர்ப்பு நாளைச் சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டாள் ரஷீதா.

பிறகு ஓய்ந்தது. மறுபடி அரிசியை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. மணலில் இருப்பவர்களுக்குத் தண்டோரா எப்படிக் கேட்டிருக்கும்?

அரை மணி நேரம் போயிருக்கும். கதவு இடிபட்டது. இவர். காலில் செருப்பில்லை. முழங்கால் இரண்டிலும் ஈர மணல். மூச்சு இரைத்தது.

“எக்காளம் ஊதியாச்சு, சுகிர்தம். எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க. நான்... நான் திரும்பி ஓடி வந்துட்டேன்.”

நான் வாய் திறக்குமுன், “வயல்ல இருக்கிறவன் வஸ்திரத்த எடுக்கத் திரும்பக்கூடாதுன்னு இருக்கு. நான் திரும்பிட்டேன். நீ இங்க இருக்கே. எப்படிப் போவேன்? நீ இல்லாம எனக்கு என்ன பரலோகம்?”

காவிரிக் கரையிலிருந்து பாலக்கரை வரை கடைத்தெரு வழியாக ஓடி வந்திருக்கிறார். ஜனங்கள் பாட்டுக்குக் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். விடப்பட்டவர்கள் இவர்கள்தான், பாவம், இன்னும் தெரியவில்லை என்று நினைத்தாராம். அவர்களில் தானும் ஒருவன் என்று நினைத்துக்கொண்டே ஓடி வந்தாராம்.

ஐயோ, என் ராசா. சிரிப்பதா அழுவதா? பதினாறு வருஷமாய்ச் சங்குக்கு எழுந்து சங்குக்கு வேலை விட்டு வருகிற மனிதர்! கையைப் பிடித்து உட்காரவைத்து, அது ஏரோப்ளேன் சங்கு என்று சொன்னேன். நம்பவில்லை. ரஷீதாவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவள் தண்டோராக்காரன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

அதற்கப்புறம்தான் அழுதார். ஏமாந்ததற்காக அல்ல.

“மூணாவது பெட்டி என்னால செய்ய முடியாதும்மா. அதுக்கு முன்னால அவர் வந்துட்டா நல்லாயிருக்கும்னு பாத்தேன்.”

அவர் கையை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்தேன். அது நல்ல பிள்ளை. சரியாக அந்த நேரத்துக்கு உதைத்தது.

மே 17, ஞாயிறு

கோவிலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். “ஆண்டவர் கூப்பிட்டதா நெனச்சேன். நெனச்சும் திரும்பினேன். அது நெசமா இருந்திருந்தா? திரும்பிப் பாத்து உப்புத்தூணா ஆன லோத்துவின் பெண்சாதி நான்தான்.” சாப்பாடு பாதியில்.

சங்கு பொய்யானது ஊருக்கு வேடிக்கை. இவருக்கு அது பரீட்சை, தவறிவிட்டாராம். இதற்கு நான் என்ன சொன்னாலும் பெண்சாதி சொல்கிறாள் என்றாகிவிடும். ஐயரும் வந்து ஜெபம் பண்ணினார், வழக்கம்போல வேகமாக. போகும்போது என்னிடம், “அதட்டாதீங்கம்மா, பொறுமையா இருங்க” என்றார். அது மட்டும் நிதானமாகச் சொன்னார்.

மே 26, செவ்வாய்

சகாயநாதன் வந்தார். கூட்டம் கலைந்துவிட்டது. மணலில் வெள்ளையாய்க் கூடியிருந்தவர்களை, குளிக்க வந்தவர்கள் யாரோ செத்துப்போன வீட்டுக்காரர்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்களாம். அவரைத் திட்டத் தயாராய் இருந்தேன். என்னவெல்லாம் பேசவேண்டுமென்று மனசுக்குள் அடுக்கியும் வைத்திருந்தேன்.

மோர் கொடுத்தேன். குடிக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அரக்கான் பாதையில என் சம்சாரத்தால நடக்க முடியல. ஏழு மாச வயிறு. ஒரு முகாம்ல உக்காரவச்சுட்டுப் படகு பாத்துட்டு வரேன்னு வந்தேன். பின்னால ஜப்பான்காரன் வந்துட்டான், திரும்பிப் பாக்காதே, ஓடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் திரும்பிப் பாக்கல. அதுதான் வேதத்துல இருக்கிறதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

சகாயநாதன் மோரைக் கீழே வைத்தார்.

“நீ கட்டளைய மீறிட்டேன்னு அழுவுறியாம். அன்னைக்கு மணல்ல அத்தன பேர்ல ஒருத்தன் எந்திரிச்சு வீட்டப் பாத்து ஓடினான். அவன் ஓடுறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். நான் அப்படி ஓடியிருக்கணும். தொலஞ்ச ஒரு ஆட்டுக்காகத் திரும்பிப் போறவருதானே நம்ம ஆண்டவர்? அவரு வரும்போது உன்னை எங்க தேடுவாருன்னு நெனைக்கிறே?”

நான் அடுக்கி வைத்த பேச்சில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த அம்மாள் பெயரைக் கேட்டேன். நட்சத்திரம் என்றார். சொல்லும்போது, அன்று அந்த வசனத்தில் நின்ற மாதிரியே குரல் நின்றது. கர்ப்பவதிகள் என்று என்னையா சொன்னார் இந்த மனிதர்? என்னை அவர் பார்க்கக்கூட இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

கோவிலுக்கு வந்தார். கடைசி வரிசையில்.

ஜூலை 18, சனி

பலகையை இழைக்கிறார். பாபிலோன் சுருள் சுருளாய்த் தரையில் விழுகிறது. அடுப்பெரிக்க எடுத்துக்கொண்டேன்.

“அப்ப அவர் வரமாட்டாரா?” என்று சீண்டினேன்.

இழைப்புளியை நிறுத்தாமல், “வருவாரு. எப்போன்னு அளக்கிறது என் முழக்கோலுக்கு வேலையில்ல. வரும்போது கையில பாதி வேலை கெடக்கக்கூடாது, அவ்வளவுதான்” என்றார்.

இப்போது இரவு ஜெபத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. எங்கெங்கோ பாதையில் ஓடுகிறவர்களுக்காக. மழைக்காலத்தில் வேண்டாம், ஆண்டவரே.

செப்டம்பர் 1, செவ்வாய்

ஆகஸ்ட் கலவரத்திலிருந்து ரயில்கள் ஒழுங்கில்லை. ஊர் முழுக்க போலீஸ். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, ஸ்தோத்திரம். இரவில் இவர் தூங்குவதில்லை. நானும் தூங்குவதில்லை. ஒருவருக்கொருவர் தூங்குவதுபோல் நடிக்கிறோம்.

செப்டம்பர் 23, புதன்

பெண். அழுதாள். நன்றாக, கோபமாக அழுதாள்.

செப்டம்பர் 27, ஞாயிறு

நான்காவது நாள் தாண்டிவிட்டது. இதைத்தான் இவர் எண்ணிக்கொண்டிருந்தார் போலும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கட்டில் ஓரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

நவம்பர் 29, ஞாயிறு

ஆண்டவர் வருகையின் முதல் ஞாயிறு. ஞானஸ்நானம் இன்றைக்குத்தான் என்று இவர் பிடிவாதம். சகாயநாதன் ஞானத்தகப்பனாய் நின்றார். பிள்ளைக்குப் பெயர் நட்சத்திரம். ஐயர் அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்த்தபோது சகாயநாதன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அடைமழை. பிரசங்கத்தின் நடுவில் பிள்ளை சிணுங்க, இவர் தூக்கிக்கொண்டு முன்மண்டபத்துக்குப் போனார். அப்போது சங்கு ஊதிற்று. ஞாயிற்றுக்கிழமையில் சோதனை வைப்பதில்லை. ஐயர் பேச்சை நிறுத்தினார். மழைக்காலம், ஓய்வுநாள், இரண்டும். எழுந்து ஓடினேன்.

இவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். வானத்தைப் பார்க்கவில்லை. ஒரு கையால் அவள் காதைப் பொத்தி, சாரல் படாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“என்னங்க! சங்கு!”

“இப்பத்தான் தூங்குறா. மெதுவாப் பேசு.”