இருபத்தெட்டு குழி

உசிலம்பட்டி
9.7.1983

அன்புள்ள அம்மாவுக்கு பாகீரதியின் நமஸ்காரம். மாயவரத்தில் மழை உண்டா? உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு மாதவிலக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். திட்டாதே. இரண்டு பல்லாங்குழிகளைச் சேர்த்து வைத்தால் இருபத்தெட்டு குழி. நாளுக்கொரு புளியங்கொட்டை, விலக்கான நாட்களுக்கு மட்டும் குன்றிமணி. அடுத்தது எப்போது வரும் என்று இப்போது அவர்களே எண்ணிச் சொல்கிறார்கள்.

நேற்று இருளாயி என்கிற பெண் குன்றிமணிகளைக் காட்டி, "இந்த நாள்ல எங்களத் தனியா உக்கார வச்சிருவாக. ஒங்கள யாரு டீச்சர் உக்கார வைப்பா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல," என்று சிரித்தேன்.

"அப்ப இருபத்தெட்டு நாளும் தனியாவா?" என்றாள்.

நான் பலகையைத் தொடக்கூடாதென்று, வாசற்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் ஆட்டத்தையும் நீயே ஆடுவாயே, அது நினைவுக்கு வந்தது.

இங்கே ஒரு பலகை இரவல், திருப்பிக் கேட்கிறார்கள். நம் வீட்டுப் பல்லாங்குழி வேண்டும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். மரப்பலகைதான், ஆனாலும் பார்சலில் உடைந்துவிடும். முழங்கால் தேவலையானதும் நீயே கொண்டுவா.

பாகீரதி