மூன்று சொட்டு எண்ணெய்

என் செல்ல ராங்கிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் மோட்டார் சைக்கிளும் சௌக்கியம், மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் ஒழுகல் நோய், அது யாருக்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை போன மாதம் மாதிரி பிஸ்கட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுவிட்டு சாப்பிட்டாச்சு என்று புளுகுகிறாயா? இதையெல்லாம் போனில் கேட்கக் கூடாதா என்பாய். எப்படிக் கேட்பது, போன் அடித்ததுமே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உன் அப்பா அதன் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுகிறார். கடிதம் எழுதினாலும் விடுகிறாரா, பகல் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு வந்தும் கை அரிப்பு அடங்காமல் நான் எழுதியதையும் பென்சிலால் திருத்தித்தான் உறையில் போடுவார். போன கடிதத்தில் உனக்கு நான் போட்ட முத்தத்துக்குப் பக்கத்தில்கூட ஒரு காற்புள்ளி சேர்த்திருந்தார், கவனித்தாயா? அதனால் இதை மட்டும் அவர் அச்சகத்துக்குப் போன பிறகு தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி, இழுப்பறையில் ரவிக்கைத் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று வண்டியை நடையில் நிறுத்திவிட்டு என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? வால்வு கவர் கேஸ்கெட் போயிடுச்சும்மா, மூடிக்கு அடியில வைக்கிற அடைப்புதான், இன்ஜின் தலையில இருந்து எண்ணெய் கசியுது, லீவுல வந்து நானே மாத்திடுறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னாய். இரண்டு வருஷம் ஆயிற்று, லீவும் வரவில்லை நீயும் வரவில்லை. ஆனால் உன் அப்பா அந்தச் சொல்லைக் கோட்டைக் கதவு மாதிரி காத்துக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டியை உதைத்து ஐந்து நிமிஷம் ஓடவிடுவார், வீடு முழுக்கப் புகை. அப்புறம் அச்சகத்துக் கழிவுத்தாள் ஒன்றை அடியில் விரிப்பார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தத் தாளில் விழுந்திருக்கும் கறையைப் பார்த்து, ஓரத்தில் தேதி எழுதி, பழைய தாள்களின் கட்டோடு சேர்ப்பார். அந்தக் கட்டு இப்போது என் முழங்கால் உயரம். உன்னோடு போனில் அவர் பேசுவதும் அது ஒன்றைத்தானே? வண்டி இன்னும் ஒழுகுதும்மா என்பார், நீ சரிப்பா பார்க்கலாம் என்பாய், அதோடு முடிந்தது. எப்ப வர்றே என்று கேட்பதெல்லாம் என் வேலை. வா என்ற ஒரு சொல் அந்த மனுஷன் வாயிலிருந்து விழுந்து நான் கேட்டதே இல்லை.

நானும் பொறுமையாகத்தான் இருந்தேன், பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு விஷயம் வரும்வரை. தைத்து முடித்து இஸ்திரி போட்டு அந்த அம்மா வந்து வாங்கிக்கொண்டு நடையில் போகிறபோது, கோட்டின் முனை உன் வண்டி இன்ஜினில் உரசி உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன், அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், உன் அப்பாவுக்குத் தெரியாமல் இந்த ஒழுகலுக்கு ஒரு முடிவு கட்டுவது என்று. உதிரிபாகக் கடைக்காரரிடம் போய்க் கேட்டால், அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அம்மா உங்க வண்டிக்கு ரெடிமேடா இப்ப எதுவும் வர்றதில்லை, அளவு கொண்டாங்க, கார்க் ஷீட்ல வெட்டித் தர்றேன் என்றார். அளவுதானே, முப்பது வருஷமாக நான் எடுக்காத அளவா! மறுநாள் உன் அப்பா தெருமுனை திரும்பியதும் உன் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். பெட்ரோல் குழாயை மூடி, குழலைப் பிடுங்கி, டேங்க்கைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன், அது கழன்றால்தான் உள்ளே கை நுழைகிறது. கவருக்கு நான்கு போல்ட். மூன்று மரியாதையாக வந்துவிட்டன, நான்காவது உன்னைப் போல. எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்து, என்னக்கா, அண்ணன் உங்களை மெக்கானிக் ஷாப்புக்கு அனுப்பிட்டாரா என்றாள், மூச்சு விட்டா உன் ரவிக்கையை இறுக்கித் தச்சிடுவேன் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

கவரைப் பழுப்புத் தாளில் கவிழ்த்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, கத்தரித்து, கடைக்காரரிடம் கொடுத்தேன். அவரும் அதே அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால், பாவாடைக்குக் கீழே உள்பாவாடை தொங்குகிற மாதிரி சுற்றிலும் அரை விரல் வெளியே எட்டிப் பார்க்கிறது, உள்பக்கமும் அதே கதை. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. கைப்பழக்கத்தில் தையலுக்கென்று அரை விரல் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறேன்! இன்ஜினை மடித்துத் தைக்கப் போகிறவள் மாதிரி. தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன் பார், தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ. மறுபடி கடைக்குப் போக வெட்கமாக இருந்தது, கடைசியில் என் துணிக் கத்தரியையே எடுத்து அந்த அரை விரலை நறுக்கினேன். காகிதத்தில்கூட நான் படவிடாத கத்தரி, உன் வண்டிக்காக முனை மழுங்கிக் கிடக்கிறது, அந்த நன்றி உனக்கு இருக்கட்டும்.

பழைய கேஸ்கெட் காய்ந்து அப்பளமாகிக் கவரோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே துணுக்கு விழாமல் இன்ஜின் வாயில் துணியை அடைத்துவிட்டு, மர ஸ்கேலின் விளிம்பால் ஒரு மணி நேரம் சுரண்டினேன், இரும்பு வைத்துச் சுரண்டினால் கீறல் விழுந்து அந்த வழியாகவே ஒழுகும் என்று எனக்கே தோன்றியது. அப்புறம் துணியை உருவிவிட்டு, புதியதை வைத்து, கவரை மூடி, போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். காலருக்குக் குண்டூசி குத்துகிறவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா, ஒரு பக்கமாகவே குத்திக்கொண்டு போனால் மறுபக்கம் துணி கோணிக்கொள்ளாதா? டேங்க்கை மாட்டி, உதைத்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அங்கே ஆலையில் ஆளுயர இயந்திரங்களை மேய்க்கிறாயே, உன் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை, தெரிந்துகொள்.

மறுநாள் காலை உன் அப்பா தாளை உருவினார். வெள்ளை. திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் வெள்ளை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் அடுப்படியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்ன, இன்னிக்கு ஒழுகலையா என்று அப்பாவி மாதிரி கேட்டேன். இல்லை என்றார், அவ்வளவுதான். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் வந்து வண்டிப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நல்லது நடந்தால் இந்த மனுஷனுக்கு ஏன் முகம் தொங்குகிறது என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் அதற்கு அடுத்த நாள் தாளில் மறுபடியும் கறை! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் போனதும் மறுபடி டேங்க்கைக் கழற்றி, கவரைத் தடவி, போல்ட்டுகளைப் பார்த்தால் எல்லாம் வறட்டியாகக் காய்ந்து கிடக்கின்றன. அப்புறம்தான் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். உன் வண்டியின் எண்ணெய் கறுப்பு, இந்தக் கறை இளமஞ்சள். அதோடு கறை விழுந்த இடம் ஹெட்லைட்டுக்கு நேர் கீழே. ஹெட்லைட்டிலிருந்து எந்த வண்டிக்கடி எண்ணெய் ஒழுகும்? சந்தேகப்பட்டு என் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிப் பார்த்தால் இலேசாக இருக்கிறது.

மறுநாள் விடிந்தும் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். உன் அப்பா பூனை மாதிரி எழுந்து போய், என் குப்பியை எடுத்து, வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மருந்து விடுகிற கவனத்தோடு மூன்று சொட்டு விட்டார். அது பரவும்வரை காத்திருந்தார். பிறகு பென்சிலை எடுத்துத் தேதி எழுதினார், உண்மையான கறைக்கு எழுதுவது போலவே. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, போர்வையைக் கடித்துக்கொண்டேன், அப்படியே அழுகையும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் நான் கோபித்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனபோது இவர் ஒரு கார்டு போட்டார், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரே வரி. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து பார்த்தால் குழாய்க்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, இத்தனை வருஷம் கழித்துப் போர்வைக்குள் உறைத்தது. ஒழுகல் நின்றுவிட்டால் நீ வருவதற்கு இந்த வீட்டில் ஒரு காரணம் குறைந்துவிடும் என்று அவர் பயந்திருக்கிறார். நான் என்னவோ சாமர்த்தியம் என்று நினைத்து அதைத்தான் நான்கு போல்ட் போட்டு இறுக்கி அடைத்திருக்கிறேன்.

அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. குப்பியை நிரப்பி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். இன்ஜினுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் சின்னதாக ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்தேன், செய்கிற திருட்டை ஒழுங்காகச் செய்யட்டுமே என்று. நேற்றிலிருந்து உன் வண்டி மிகச் சரியான இடத்தில் ஒழுகுகிறது.

ஆகவே அடுத்த தடவை போனில் அவர் ஒழுகுது என்றால், ஐயோ அப்படியாப்பா என்று நீ பதற வேண்டும். மிச்சக் கார்க்கில் இன்னொரு கேஸ்கெட் சரியான அளவில் வெட்டி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீ வந்து கவரைக் கழற்றி அதை மாட்டு, அரை நாளாவது இழுத்தடி, நல்லவேளை யாரும் கை வைக்கலை என்று அவர் காதுபடச் சொல். வற்புறுத்தவில்லை, உன் வேலை உனக்குத் தெரியும். லீவு கிடைத்தால், உடம்புக்கு முடிந்தால், வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால் வா. குளிர் நாட்களில் காதை மூடிக்கொள், பிஸ்கட்டைக் குறை, அந்த ஊர் வண்டிகளை வேகமாக ஓட்டாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வயது நன்றாக இரு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகாத கையோடு,
உன் அம்மா

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கலாம் என்று இன்று காலை இழுப்பறையைத் திறந்தால், ரவிக்கைத் துண்டுகளெல்லாம் அழகாக மடித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. கடிதத்தில் பதினோரு இடத்தில் பென்சில் திருத்தம். மூன்று சொட்டு என்று எழுதியிருந்தேன் இல்லையா, ஓரத்தில் நான்கு என்று போட்டிருக்கிறார். ஹெட்லைட் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. காப்பியைக் குடித்துவிட்டு வழக்கம்போல அச்சகத்துக்குப் போய்விட்டார். உன்னைக் கூப்பிட்டு நான் எழுதிய அந்த வரியை மட்டும் நீ திரும்பப் பார். லீவு, உடம்பு, தொந்தரவு என்று நான் அடுக்கிய எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்துவிட்டார். வா என்பதை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்.