கலயம் கழுவியவன்

சத்தியவேடு,
16-5-1960.

திருப்பதியில் மாப்பிள்ளை சம்பத்துடன் சௌக்கியமாயிருக்கும் மகள் தாட்சாயணிக்கு, நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

எழுத்து கோணலாயிருக்கும். எப்போதும் அப்படித்தான் என்பாய், வாஸ்தவம்.

ஜாத்திரைக்கு வரச்சொல்லி உன் மாமனார் கங்கையா ஆள் அனுப்பியிருந்தார். சித்தூரில் தையல் கடையைச் சாத்திவிட்டு வந்தேன். சம்பந்தி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட வெட்கமாயிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், அவர் பனந்தோப்பில் கவிழ்த்து வைத்திருந்த கலயங்களைப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாய் ஏடு. உறவுக்காரர்கள் குடிக்கிற பதநீராயிற்றே என்று, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பன்னிரண்டையும் பளிச்சென்று தேய்த்து வைத்தேன். ஜாத்திரை அவசரத்தில் அவர் உள்ளே பார்க்காமலே மரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்.

எட்டாம் வகுப்பில் "பனையின் பயன்கள்" என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினவன் நான். நுங்கு, கிழங்கு, வெல்லம், விசிறி, பாய், கூரை வாரை என்று எதையும் விடவில்லை. கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசினால்தான் பாளைச் சாறு பதநீராய் இறங்கும், பூசாவிட்டால் விடிவதற்குள் கள்ளாகிவிடும் என்பதை மட்டும் எழுதவில்லை. தெரிந்தால்தானே எழுத?

நேற்றுக் காலையில் இறக்கிய கலயமெல்லாம் நுரை. அதைக் கீழே கொட்டுவதற்குள் மதுவிலக்கு அதிகாரி வந்து நின்றார். இந்தப் பக்கம் ஆந்திராவோடு சேர்ந்து ஒன்றரை மாதம், ஆளும் புதுசு. தெலுங்கிலேயே கேட்டார். உன் மாமனாருக்குச் சந்தையில் பேசுகிற அளவுதான் தெலுங்கு. சித்தூர்க்காரனாயிற்றே, நான் சொல்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பதநீருக்குத்தானே உரிமம், சுண்ணாம்பு எங்கே என்று கேட்டார். அதைத் தமிழில் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. உன் மாமனார் கலயத்துக்குள் கையை விட்டுத் தடவினார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

"பூச மறந்துட்டேன்னு சொல்லு சம்பந்தி. ஏன் பார்த்துக்கினு நிக்கிற, சொல்லு" என்றார்.

சொன்னேன், தாட்சாயணி. திருத்தமான தெலுங்கில், ஒரு வார்த்தை பிசகாமல், நானே சொன்னேன். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புழுதி அடங்கும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒருத்தன் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை சித்தூர் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்களாம். கூண்டில் ஏறி, கழுவினது நான்தான் என்று சொல்லப் போகிறேன். நம்ப வேண்டுமே என்று கையைக்கூடத் தேய்த்துக் கழுவாமல் வைத்திருக்கிறேன். இங்கே உன் மாமியார் பொன்னியம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் வேளைக்குச் சோறு போடுகிறார்கள். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு நீயே படித்துக் காட்டு. எந்த இடத்தையும் விடாதே. அவர் என்ன சொன்னாலும் எனக்காகப் பரிந்து பேசாதே. நீ வாழ்கிற வீடு அது.

இரண்டு பேரும் நன்றாயிருங்கள். கோர்ட்டுக்கு வந்தால் நேரே உன் மாமனாரிடம் போ. என்னிடம் பேச வேண்டாம். நான் நிற்கிற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார், அம்மா.

இப்படிக்கு,
உன் நைனா,
ஆதிநாராயணன்.